தை முகூர்த்தமும் பன்னிரண்டில் ஒரு சீட்டும்

பாபு,

இதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே "வேண்டாம்பா, விடுங்கப்பா" என்று மறித்துவிடுவாய். எழுத்தை மறிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். புனேயில் வளர்ந்த பிள்ளை, மராத்தி போர்டு படிக்கிற வேகத்தில் பாதிகூட வராது. பரவாயில்லை, மெதுவாகப் படித்தால்தான் இது உள்ளே இறங்கும். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் அபர்ணாவுக்கு அனுப்பு, அவள் கடகடவென்று வாசித்துக் காட்டுவாள். உன் மாமனாராகப் போகிற அவளுடைய அப்பாவைப் பற்றி வருகிற இடங்களை மட்டும் நீயே கூட்டிப் படித்துக்கொள். எனக்கு இன்னும் அந்த வீட்டில் சாப்பிடப் போக வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ ஒன்று சொன்னாய். "லீக் பைனல்ல தோத்துட்டாக்கூட ஒருவிதத்துல நல்லதுதான்பா. பிரச்சினையே இல்ல. நேரா ப்ளைட் ஏறி கல்யாணத்துக்கு வந்துடுவேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. ராத்திரி பகல் பார்க்காமல் ஒரு டீமுக்காக ஆட்டத்தைப் படம்பிடித்து, துண்டு துண்டாக வெட்டி, எவன் எங்கே கால் தவறினான் என்று கோச்சுக்குக் காட்டுகிற பிள்ளை, அந்த டீம் தோற்றால் தேவலை என்கிறானே. அதுவும் எதற்காக? நானும் உன் மாமனாரும் சேர்ந்து குறித்த ஒரு தேதிக்காக.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அதில் என் அறிவாளித்தனம் நிறைய இருக்கிறது.

நீ அமெரிக்காவில் அந்த ஊர்க் காலேஜில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அமெரிக்கக் கால்பந்து என்றால் ஒன்றும் தெரியாது. முதல் வருஷம் முழுக்க யாராவது பந்தைக் காலால் உதைப்பார்களா என்று காத்திருந்தேன். எப்போதாவது ஒருத்தன் உதைத்தான், நான் கைதட்டுவதற்குள் அடுத்தவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினான். பிறகு வைராக்கியம் வந்தது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு பேக்டரியில் பட்டறைப் பிரிவில் இரும்பை அடித்து நிமிர்த்தியவன் நான், இந்த விளையாட்டு மட்டும் வளையாதா? யூடியூபில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. நிச்சயதார்த்தத்தன்று இடம் கிடைத்தது.

உன் மாமனார் நியாயமாகத்தான் கேட்டார். "ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்கு டிசம்பர்ல மேட்ச் ஏதாச்சும் வருமுங்களா? கார்த்திகைக் கடைசி முகூர்த்தம்னா இடிக்காதுங்களே?" உனக்கு அப்போது அங்கே விடியவே இல்லை. உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். "சம்பந்தி, நாட்டுல மொத்தம் நாலே நாலு டீமைத்தான் கடைசிச் சுற்றுக்கு எடுப்பாங்க. ஒரு கமிட்டி ரூம்ல உட்கார்ந்து பொறுக்கும். எல்லாம் பெரிய லீக் ஆளுங்க. நம்ம புள்ளையோடது சின்ன லீக்கு. நவம்பரோட மூட்டை கட்டிடுவாங்க. தைரியமா நாளைக் குறிங்க." ஐயர் குறித்தார். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை இருந்தது.

நான் படித்தது பழைய வீடியோ, பாபு. பேசினவனுடைய மீசையைக் கவனித்தேன், எந்த வருஷத்து வீடியோ என்று கவனிக்கவில்லை.

அந்த நாலு போய்ப் பன்னிரண்டு ஆகிவிட்டது என்பதை நீதான் செப்டம்பரில் பேச்சுவாக்கில் சொன்னாய். அப்புறம்தான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். சரியா என்று பார், நம் ரயில் கணக்கில் சொல்கிறேன். முன்பு அந்தப் பெட்டியில் நாலே பெர்த். நான்கும் வி.ஐ.பி. கோட்டாவிலேயே போய்விடும், சின்ன லீக் ஆள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிளாட்பாரத்தில் நின்று கையசைக்க வேண்டியதுதான். இப்போது பன்னிரண்டு பெர்த். அதில் ஒன்றாவது சின்ன லீக்குகளில் ஜெயித்தவர்களுக்குள் எவன் அந்தக் கமிட்டி வாராவாரம் போடுகிற வரிசையில் மேலே இருக்கிறானோ அவனுக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் நான்கு இடக்காரர்கள் முதல் சுற்று ஆடவேண்டாம், காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். மற்ற எட்டுப் பேர் மோத வேண்டும். அதிலும் நம் மாதிரி கடைசியில் ஏறுகிறவன் பெரியவன் ஊருக்கே போய், அவன் மைதானத்தில், அவன் ஜனம் மொத்தமும் தொண்டை கிழியக் கத்தும்போது ஆட வேண்டும். நியாயமா என்றால் இல்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்திருப்பதே பெரிய செய்தி.

போன வாரம் உங்களுக்கு மேலே இருந்த அந்த இன்னொரு சின்ன லீக் டீம் தோற்றதே, அப்போது நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மராத்தியம்மா கதவைத் தட்டிவிட்டார். "காய் ஜாலா, காகா?" என்றார், கையில் மாவோடு. என்ன ஆயிற்று என்று எப்படி விளக்குவது? "வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் நம்பர் வந்துட்டோம்" என்றேன். எந்த ரயில் என்று கேட்டார்.

ஆக, இன்னும் இரண்டு வாரத்தில் லீக் பைனல். ஜெயித்தால் பெர்த் உங்களுக்குத்தான் என்று உன் கோச்சே சொல்கிறார். கிடைத்தால் முதல் சுற்று மார்கழியில். அதற்கு முந்தைய வாரம், நீ எதிரியின் ஆட்டங்களை ராப்பகலாக வெட்டிக்கொண்டிருக்க வேண்டிய அதே வாரம், புனேயில் உன் கல்யாணம். கோச் உன்னை விடமாட்டார். அவர் விட்டாலும் உனக்கு மனசு வராது. கல்யாணத்தைச் சில நாள் தள்ளலாம் என்றால் மார்கழி வந்துவிடும், தாலி கட்ட முடியாது. இதைத்தான் உன் ஒரு வாக்கியத்தில் சுலபமாக முடித்துவைத்தாய், தோற்றுவிட்டால் போதும் என்று.

இதை உன் மாமனாரிடம் சொல்ல வேண்டும். நின்று வாக்குக் கொடுத்தவன் நான். எங்கே சொல்வது? எங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அந்த கோல்ப் மைதானம்.

நான் கோல்ப் ஆடப் போகிறேன் என்றதும் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே அவர் கூப்பிட்டார், விமான் நகர்ப் பக்கம் ஒரு பயிற்சி மைதானம், வரிசையாக நின்று எதிரே பந்தை அடித்துக்கொண்டே இருக்கலாம், பின்னால் ஓடிப் பொறுக்க வேண்டாம். கம்பெனியில் பெரிய வேலை பார்க்கிற மனுஷன், ஓய்வுபெற்ற பட்டறைக்காரனைக் கூப்பிடுகிறாரே என்று கெத்தாகப் போனேன். முதல் நாள் மட்டையைச் சம்மட்டி மாதிரி தலைக்கு மேல் தூக்கி ஒரு போடு போட்டேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் புல்லும் மண்ணும் மட்டும் வெகுதூரம் போயிற்று. "சம்பந்தி, இரும்பு இல்லீங்க அது. பொரிச்ச அப்பளத்தைப் புடிக்கற மாதிரி மட்டையைப் புடிங்க" என்றார். அடுத்த வீச்சில் அப்பளம் கையை விட்டே பறந்தது. பக்கத்தில் நின்ற ரிட்டையர்டு ராணுவக்காரர் படுத்தே விட்டார்.

பிறகுதான் நான் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ அதன்மேல் மஞ்சள் கோடு போட்டு, வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டுத் திருப்பி அனுப்பினாயே, அதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இடுப்பு திரும்பவே இல்லை, கை மட்டும் வேலை செய்கிறது என்று ஒரு கோடு. அது கூட விளங்கியது. முப்பது வருஷம் சம்மட்டி பிடித்த கைக்கு இடுப்பைக் கேட்டுச் செய்கிற பழக்கம் கிடையாது. ஆனால் அந்த வட்டம்! என் தலையைச் சுற்றி வட்டம். "அப்பா, மட்டை பந்தைத் தொடுறதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கிடறீங்க. பந்து எங்க போகுதுன்னு அடிக்கறதுக்கு முன்னாடியே பாக்கறீங்க. அடிச்சு முடிங்க, அப்புறம் பாருங்க." படத்தை நிறுத்திக் காட்டியிருந்தாய். பந்து தரையில் தேமேயென்று கிடக்கிறது, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாயைப் பிளந்துகொண்டு.

அப்போது நினைத்துக்கொண்டேன், இது உனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்து டீமில் உன்னை எடுக்கவில்லை என்று அழாமல், தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்று என் பழைய போனில் ஆட்டத்தைப் பிடித்தாயே. கோல்கீப்பர் தாமஸைக் கூப்பிட்டு, "நீ எப்பவும் வலப்பக்கமே சாயற, அவனுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று காட்டினாயே. அந்த வருஷம் அவர்கள் ஜெயித்தபோது கோப்பையோடு எடுத்த போட்டோவில் நீ இல்லை. எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது நீதான். அந்தப் பிள்ளை தோற்றால் நல்லது என்று சொல்லவே மாட்டான்.

புதன்கிழமை போனேன். அவர் அழகாக ஒவ்வொரு பந்தாக அனுப்பிக்கொண்டிருந்தார். நான் நான்கைந்து அடித்தேன். ஒன்று இடது பக்க வேலிக்கு, ஒன்று வலது பக்க வேலிக்கு, மற்றதெல்லாம் என் காலடிக்கே.

"என்னாச்சுங்க சம்பந்தி, இன்னைக்குத் தோளெல்லாம் இறுகிக் கெடக்குது?"

"ஒரு விஷயம் சொல்லணும். கல்யாணத் தேதி..." என்று ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு போர் விமானம் கிளம்பியது. உனக்குத்தான் தெரியுமே, கிளம்பினால் பேச்சு நின்றுவிடும். நான் வாயசைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சத்தம் அடங்கியதும் அவர், "ஒண்ணுமே கேக்கலீங்க. மறுக்கா சொல்லுங்க" என்றார். ஒரு தடவை சொல்வதற்கே ஒரு வாரம் தைரியம் சேர்த்திருந்தேன்.

மறுபடி சொன்னேன். பழைய வீடியோவையும் சேர்த்தே சொன்னேன். அவர் அடுத்த பந்தை எடுத்தார். பந்தை வைத்தார், நின்றார், அடித்தார். அது சப்பென்று கோணிக்கொண்டு போய் வேலியில் மோதியது. அவர் அப்படி அடித்து நான் பார்த்ததே இல்லை.

"தலையைத் தூக்கிட்டீங்க சம்பந்தி" என்றேன். வாய் சும்மா இருக்காதே.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "தூக்காம என்ன பண்றதுங்க. பத்திரிகை அடிச்சாச்சு. எங்க பக்கத்துச் சனமெல்லாம் டிக்கெட் போட்டாச்சு. எனக்கென்ன கோவம்னா, அந்தப் பையன் தோத்துட்டு வர்றேங்கறான் பாருங்க, அதுதான். அப்படி வந்து உட்கார்ற மாப்பிள்ளை மணவறையில என்ன மொகத்தோட உட்காருவான்? ஆனா முடிவு என்னுது இல்லீங்க. வாங்க, பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க."

அதற்கப்புறம் நான் மூன்று பந்து அடித்தேன். மூன்றும் நேராகப் போயிற்று. பாரத்தை இறக்கினால் தோள் தானாகத் திரும்புகிறது என்று எந்த வீடியோவிலும் யாரும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டில் அபர்ணா ஆபீஸ் வேலையாக லேப்டாப்பைத் திறந்துவைத்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பன்னிரண்டு பெர்த்திலிருந்து ஆரம்பித்தேன். அவள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, பொறுமையாக, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், நான் வி.ஐ.பி. கோட்டா, பிளாட்பாரம் எல்லாம் தாண்டி மார்கழிக்கு வந்து சேரும்வரை கேட்டாள்.

"மாமா, போன வாரம் வரிசை வந்த அன்னைக்கே நான் லீவை ஜனவரிக்கு மாத்திட்டேன்" என்றாள்.

"யாரைக் கேட்டு?" என்றார் அவளுடைய அப்பா.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எப்ப சொல்லிக்குவீங்கன்னு காத்திட்டிருந்தேங்கப்பா. நானே சொன்னா, பொண்ணே கல்யாணத்தைத் தள்ளறான்னு ஆயிரும். அவர்கிட்டயும் சொல்லலை. சொன்னா வேண்டாம்னுதான் சொல்வார்." அப்புறம் என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள் பாபு, அதற்காகத்தான் இத்தனை பக்கமும். "ஆனா மாமா, ஜெயிச்சா தை, தோத்தா கார்த்திகைன்னு ரெண்டு தேதி வெச்சுக்கக் கூடாதுங்க. அப்படி வெச்சா அவர் அந்த மேட்ச் பூரா என்னையேதான் நெனைச்சிட்டிருப்பார். எது நடந்தாலும் தைதான்னு சொல்லிருங்க."

உனக்கு வாய்த்தவள் என்னைவிட நன்றாக ஆட்டம் தெரிந்தவள். அதை இப்போதே ஏற்றுக்கொண்டால் உன் வாழ்க்கை சுகமாகப் போகும். நான் உன் அம்மா விஷயத்தில் இதை ஏற்றுக்கொள்ளப் பல வருஷம் எடுத்துக்கொண்டேன், அவ்வளவும் வீண்.

அம்மாவைச் சம்மதிக்கவைப்பது உன் மாமனாரைவிடக் கஷ்டமாக இருந்தது. "குறிச்ச முகூர்த்தத்தை மாத்தறதா? இன்னாங்க இது, யாரோ பந்தைத் தூக்கினு ஓடறதுக்கு எம்புள்ள கல்யாணம் தள்ளிப்போவணுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயிலுக்கு அழைத்துப் போனேன். ஐயர் ஒரே கேள்விதான் கேட்டார். "பந்தக்கால் நட்டாச்சா?" இல்லை என்றோம். "நட்டிருந்தா நானே மாத்த விடமாட்டேன். நடலையோன்னோ? பேஷா மாத்திக்கலாம்." அந்த ஒரு மூங்கில் கால் இன்னும் கடையில் சாத்தியிருந்ததால் பிழைத்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கோபம் குறையாமலே வெள்ளைத்தாளை வெட்டி, பத்திரிகைகளில் பழைய தேதிமேல் ஒட்ட ஆரம்பித்தாள். ஒட்டின மூலையில் மஞ்சள் தடவிவிட்டால் தோஷமில்லையாம், ஐயரிடம் கேட்காமல் அவளே தீர்மானித்துவிட்டாள். ஒட்டிக்கொண்டே கேட்கிறாள், "ஏங்க, அந்த மஞ்ச ஹெல்மெட்டுதானே நம்மாளுங்க? போன வாரம் ஒருத்தன் தொபுக்குனு வுழுந்தானே, எழுந்துட்டானா?" எழுந்துவிட்டானா, அவளுக்கு ஒரு வரி எழுது.

ஆகையால் தைதான், பாபு. ஜெயித்தாலும் தை, தோற்றாலும் தை. நீ தோற்பதால் யாருக்கும் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. வேலூரிலிருந்து சித்தப்பா டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டு என்னை ரயில்வே பாஷையில் திட்டியாகிவிட்டது. அதுவும் முடிந்த கதை.

தேதியைக் கேட்பாய். கோயில் மண்டபத்தில், தை பிறந்த முதல் வாரத்திலேயே ஒரு முகூர்த்தம் இருந்தது. நல்ல நேரம், காலை ஒன்பதிலிருந்து பத்தரை, மண்டபமும் காலி. உன் மாமனார் அதையே எழுதச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். ஜனவரிக் கடைசியில் ஒன்று இருந்தது, விடியற்காலை நாலரைக்கு. அதே நாள் ஒன்பது மணிக்கு வேறு கல்யாணம், அதற்குள் தாலி கட்டி, இட்லி சாப்பிட்டு, மாலையோடு தெருவுக்கு வந்துவிட வேண்டும். அதை எழுதச் சொன்னேன்.

"ஏனுங்க, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார் உன் மாமனார். "முதல் சுற்று மார்கழியிலயே முடிஞ்சிருமுங்களே. தை முதல் வாரம் மாப்பிள்ளை சும்மாதானே இருப்பார்?"

"தேசிய பைனல் அந்த வாரம்தான் வருது சம்பந்தி" என்றேன்.

மண்டபக்காரர், உன் மாமனார், ஐயர், உன் அம்மா, நால்வரும் என்னைப் பார்த்தார்கள். கடைசியில் ஏறுகிற சின்ன லீக் டீம், பெரியவர்கள் ஊர் ஊராகப் போய் அத்தனை பேரையும் சாய்த்துவிட்டு பைனலுக்கு வருமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உன் மாமனார் பேனாவை வாங்கி அவரே அந்த நாலரை மணியை எழுதினார்.

எவ்வளவு தூரம் பந்து போகும் என்று அடிப்பதற்கு முன்பே வானத்தைப் பார்க்கிறேன், பார்த்தாயா. நீ வட்டம் போட்டுக் காட்டிய அதே தப்பு. என்னைத் திருத்த முடியாது, விட்டுவிடு. நீ தலையைத் தூக்காதே. குனிந்து உன் வேலையைப் பார். பந்து எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா